எண்கண் சிற்பியும் தண்டியடிகள் கட்டிய கயிறும்

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.

இந்தக் கிருத்திகைப் பதிவுல நம்ம டெல்டா மண்ணோட இரண்டு கதைகளைப் பார்ப்போம். இரண்டுமே உடம்புல குறை உள்ளவங்களைப் பத்தினது. இரண்டுமே "கடைசியில கண் வந்துச்சு"ன்னு முடியும். நாம எல்லாரும் அந்த முடிவைத்தான் ஞாபகம் வச்சிருக்கோம். இன்னைக்கு அதுக்கு முன்னாடி நடந்ததை நிதானமா படிப்போம்.

1. மூன்று முருகன், ஒரே சிற்பி

பொரவாச்சேரி, எட்டுக்குடி, எண்கண். திருத்துறைப்பூண்டியில காலையில கிளம்பினா மூணையும் ஒரே நாள்ல தரிசிச்சுட்டு வந்துடலாம். மூணு இடத்துலயும் ஆறுமுகப் பெருமான் மயில் மேல இருக்கார். சிலையோட மொத்த பாரத்தையும் மயிலோட கால்கள்தான் தாங்குது. எட்டுக்குடி, எண்கண் இரண்டையும் அருணகிரிநாதர் பாடியிருக்கார்.

தல வரலாறு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பரவலா சொல்றது இதுதான். ஒரு சிற்பி முதல்ல பொரவாச்சேரி முருகனைச் செய்தார். இதே மாதிரி இன்னொண்ணு எங்கேயும் வந்துடக் கூடாதுன்னு அரசன் அவரோட கட்டை விரலை வெட்டிட்டான். உளியும் சுத்தியும் பிடிக்கிறவருக்குக் கட்டை விரல் போனா தொழிலே போன மாதிரி. ஆனா அவர் எட்டுக்குடிக்கு வந்து இரண்டாவது முருகனைச் செய்தார். அந்த மயில் உயிர் வந்து பறக்கப் பார்த்ததாம். "எட்டிப் பிடி"ன்னு கத்தினதுதான் எட்டுக்குடி ஆச்சுன்னு சொல்வாங்க. இந்தத் தடவை அவரோட கண்ணையே பறிச்சுட்டாங்க.

அப்புறமும் அவர் நிறுத்தல. ஒரு சின்னப் பொண்ணைத் துணைக்கு வச்சுக்கிட்டு, கையால தடவித் தடவி மூணாவது முருகனைச் செதுக்கினார். சிலைக்குக் கண் திறக்கிற நேரத்துல உளி நழுவி அந்தப் பொண்ணோட கையில பட்டுது. தெறிச்ச ரத்தம் அவர் கண்ணுல பட்டதும் பார்வை வந்துச்சு. "என் கண்!"னு அவர் கத்தினதால ஊர் பேரு எண்கண்.

இப்போ ஒரு கேள்வி. அவருக்குக் கண் வந்தப்போ முருகன் எந்த நிலையில இருந்தார்? கிட்டத்தட்ட முழுசா முடிஞ்சிருந்தார்! சித்ரா பௌர்ணமிக்கு ஆயிரக்கணக்கான பேர் பால் காவடி எடுத்து வர்ற எட்டுக்குடி முருகன், கட்டை விரல் இல்லாத கை செய்த முருகன். தைப்பூசத்துக்கு நாம கூடுற எண்கண் முருகன், பார்வை இல்லாதவர் செய்த முருகன். குறை நீங்கட்டும், அப்புறம் வந்து செய்னு பெருமான் அவரைக் காக்க வைக்கல.

2. தண்டியடிகள் கட்டின கயிறு

அடுத்தது திருவாரூர். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டுல பாடின பெரியபுராணத்துல வர்ற தண்டியடிகள் நாயனார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோயிலுக்கு மேற்கே இருக்கிற குளம் தூர்ந்து குறுகிப் போச்சுன்னு தெரிஞ்சதும், தானே அதைத் தோண்டி அகலப்படுத்தப் புறப்பட்டார்.

எப்படித் தோண்டினார்? குளத்துக்குள்ள ஒரு கம்பு நட்டார். கரையில ஒரு கம்பு நட்டார். இரண்டுக்கும் நடுவுல கயிறு கட்டினார். மண்ணைக் கூடையில வாரி, அந்தக் கயிற்றைத் தடவிக்கிட்டே கரைக்கு வந்து கொட்டினார். திரும்பவும் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டே உள்ளே போனார். கமலாலயம் ஐந்து வேலின்னு ஊர்ல கணக்கு சொல்வாங்க. அதாவது முப்பது ஏக்கருக்கு மேல. அந்த வேலையை ஒரு கயிற்றை நம்பி ஆரம்பிச்சார்.

எதிர்த்தவங்க கேலி பண்ணினாங்க. மண்வெட்டியையும் கூடையையும் பிடுங்கினாங்க. கம்பையும் கயிற்றையும் பறிச்சுப் போட்டாங்க. அவர் தியாகேசர்கிட்ட முறையிட்டார். இறைவன் அவர் கனவுலயும் அரசன் கனவுலயும் வந்தார். மறுநாள் அரசன் முன்னாடி அதே குளத்துல முழுகி எழுந்தப்போ கண் தெரிஞ்சுது.

சேக்கிழார் அந்தக் கம்பையும் கயிற்றையும் விடாம சொல்லியிருக்கார் பாருங்க. நாயனார் கயிற்றைப் பிடிச்சு நடந்தது அவரோட பக்திக்குக் குறைன்னு புராணத்துல எங்கேயும் இல்லை.

3. இன்னைக்கு நமக்கு

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா வலுவிழக்கிற பரம்பரை நோய். முதல்ல ராத்திரிப் பார்வை போகும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியா பார்க்கிற மாதிரி ஆகும். வேலை சாஃப்ட்வேர். சொந்தக்காரர் ஒருத்தர் எப்போ பார்த்தாலும் சொல்வார்: "நம்ம ஊரு சாமி பேரே பிறவி மருந்தீசர். அவர் காலடியில இருந்தும் உனக்குச் சரியாகலேன்னா, உன் வேண்டுதல்ல ஏதோ குறை இருக்குப்பா."

ரொம்ப நாள் அது நெஞ்சுல முள்ளா குத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அந்தப் பேரையே யோசிச்சேன். மருந்து எதுக்கு? பிறவிக்கு. பிறவிதான் நோய்னா பிறந்த எல்லாருமே நோயாளிகள்தான். அந்தச் சன்னதியில கண் தெரிஞ்சவரும் தெரியாதவரும் ஒரே மருந்துக்குத்தான் நிக்கிறாங்க. ஒருத்தர் மட்டும் பக்தி குறைஞ்சவர்னு சொல்ல அங்கே இடமே இல்லை.

என் கயிறு எதுன்னு கேட்டா, ஸ்கிரீன் ரீடர். திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற மென்பொருள். நான் பயன்படுத்துறது என்விடிஏ. பார்வையில்லாத மைக்கேல் கரன் 2006-ல ஆஸ்திரேலியாவுல அதை ஆரம்பிச்சார். அவரோட நண்பர் ஜேம்ஸ் டேயும் பார்வையில்லாதவர்தான். இன்னைக்கும் இலவசம். தங்களுக்குத் தேவையான கயிற்றைத் தாங்களே கட்டி, உலகத்துக்கே கொடுத்துட்டாங்க. தண்டியடிகள் புராணம் படிச்ச பிறகு காதுல ஹெட்போன் மாட்டுறப்போ எனக்குக் கூச்சம் வர்றதில்லை.

அதனால மூணு விஷயம் மனசுல வச்சுக்குவோம்.

குறையோட வாழுற அடியார்களே, உதவியை வெட்கப்படாம வாங்கிக்குங்க. எண்கண் சிற்பிக்கு ஒரு சின்னப் பொண்ணு துணை, நாயனாருக்குக் கயிறு துணை. வெள்ளைக் கோலும், சக்கர நாற்காலியும், காது மிஷினும் அதே வரிசைதான்.

கண் வரணும்னு வேண்டுறதும் தப்பில்லை. சிகிச்சையையும் விடாதீங்க. ஆனா அது வர்ற வரைக்கும் வாழ்க்கையை ஒத்தி வைக்காதீங்க. இன்னைக்கு இருக்கிற உடம்பாலயே செய்யக்கூடிய தொண்டு ஒண்ணு இருக்கும். பார்க்க முடியலேன்னா திருப்புகழைக் கேட்டுப் பாடம் பண்ணலாம். நடக்க முடியலேன்னா உட்கார்ந்து பூ தொடுக்கலாம்.

மத்த அடியார்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரையும் பார்த்து "உன் பக்தி பத்தலை"ன்னு சொல்லாதீங்க. அதுவும் கயிற்றைப் பிடுங்கிற வேலைதான். அதுக்குப் பதிலா கயிறு கட்டுங்க. உங்க ஊர்க் கோயில்ல சாய்வுப் பாதை இருக்கான்னு பாருங்க, அதுல வண்டி நிறுத்தாதீங்க. காவடிக் கூட்டத்துல ஒருத்தருக்குத் தோள் கொடுங்க. கும்பல்ல கையைப் பிடிச்சு இழுக்காம, "என் தோளைப் பிடிச்சுக்கிறீங்களா"ன்னு கேட்டுக் கூட்டிட்டுப் போங்க.

மயில் இரண்டு கால்ல ஆறுமுகனைத் தாங்குது. நாம ஒருத்தரை ஒருத்தர் தாங்க மாட்டோமா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!