செவ்வாயில் நீர் ஓடுகிறதா?

தாபோடியில் பவனா ஆறு முளா ஆற்றோடு கலக்கிறது. பாலத்தில் நின்று பார்ப்போர்க்கு ஆற்றில் நீர் உண்டா என்னும் ஐயம் எழுவதில்லை. செவ்வாய்க் கோளிலோ, நீரை அதன் அடையாளங்களைக் கொண்டே தேட வேண்டியுள்ளது.

செவ்வாயின் துருவங்களில் பனிக்கட்டி உண்டு. பண்டைக் காலத்தில் ஆறுகள் ஓடிய தடங்களும் உண்டு. இன்றும் அங்கே நீர் திரவ நிலையில் இருக்கிறதா என்பதே வினா. மலையூர்களில் காற்றழுத்தம் குறைவு. ஆதலால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும், சோறு வேகத் தாமதமாகும். செவ்வாயின் காற்றழுத்தமோ புவியினுடையதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. அங்கே திறந்த வெளியில் தூய நீர் உறைந்துவிடும்; இல்லையேல் ஆவியாகிவிடும்.

உப்பு நீரின் இயல்பு வேறு. குல்பி விற்பவர் பானையிலுள்ள பனிக்கட்டியில் உப்பைக் கொட்டுவதை மாணவர்கள் கண்டிருக்கலாம். உப்புக் கலந்த நீர் சுழியத்திற்குக் கீழும் உறையாதிருக்கும். 2008-இல் செவ்வாயின் வடபகுதியில் இறங்கிய பீனிக்ஸ் விண்கலம், அங்குள்ள மண்ணில் பெர்குளோரேட் என்னும் உப்பைக் கண்டறிந்தது. நம்பிக்கை வளர்ந்தது.

செவ்வாயைச் சுற்றிவரும் கலம் ஒன்று எடுத்த படங்களில், மலைச்சரிவுகளில் மெல்லிய கருங்கோடுகள் தென்பட்டன. அவற்றைக் கண்ணுற்றவர் நேபாளத்தில் பிறந்த லுஜேந்திர ஓஜா; அப்போது அவர் அரிசோனாப் பல்கலைக்கழக மாணவர். வெப்பக் காலத்தில் நீண்டு, குளிர் வந்ததும் மங்கிய அக்கோடுகளைப் பற்றி, ஆல்பிரட் மெக்எவன் தலைமையிலான குழு 2011-இல் எழுதியது. 2015-இல் அவ்விடங்களில் நீரேறிய உப்புகள் இருப்பதாக ஓஜா குழுவினர் அறிவித்தனர். செவ்வாயில் நீர் ஓடுகிறது என்று செய்தித்தாள்கள் மகிழ்ந்தன.

ஆயினும் ஆய்வு நிற்கவில்லை. கோடுகள் செங்குத்தான சரிவுகளில் மட்டுமே தோன்றி, சரிவு தணியும் இடத்தில் நின்றுவிடுவதை 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. நீராயின் தணிந்த சரிவிலும் சிறிது தூரமேனும் ஓடியிருக்கும். கட்டடப் பணிக்குக் குவித்த மணலைச் சற்றே கிளறினால், உலர்ந்த மணல் சரிந்து இறங்கித் தானே நிற்கும்; அக்கோடுகளும் அத்தகையனவாகவே தோன்றின. இவ்வாய்வை எழுதியோருள் மெக்எவனும் ஒருவர்! தம் பழைய கருத்துக்கு மாறான சான்றைத் தாமே முன்வைக்க அவர் தயங்கவில்லை.

தேடல் பின்னர் நிலத்தடிக்குச் சென்றது. 2018-இல் இத்தாலிய அறிஞர்கள், தென்துருவப் பனிக்கு ஒன்றரை கிலோமீட்டர் கீழே ரேடார் அலைகள் பளிச்சென எதிரொலிப்பதைக் கண்டு, அது நீர்நிலை என்றனர். களிமண்ணும் அவ்வாறு எதிரொலிக்கலாம் என்று வேறு சிலர் மறுத்தனர்.

வினாக்கள்
1. கருங்கோடுகள் நீரால் ஆனவை அல்ல என்று கருதக் காரணம் யாது?
2. ஆற்று மணல், உப்பு, பனிக்கட்டி ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு வீட்டில் ஒரு சோதனை செய்து, கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.