‘சைடு’ என்னும் ஈறு: சொல்லும் பொருளும்

முன்னுரை

ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக மனனம் செய்து அயர்வோர் நம் மாணவருள் பலர். சொல்லைப் பகுதியாகவும் விகுதியாகவும் பிரித்துக் காணும் பயிற்சி தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. பகுபத உறுப்பிலக்கணம் கற்ற அதே கண் கொண்டு ஆங்கிலத்தை நோக்கின், ஓர் ஈற்றின் பொருளை அறிந்த அளவிலேயே பல சொற்கள் தாமே விளங்கி நிற்கக் காணலாம். ‘ஹோமிசைடு’, ‘சூயிசைடு’, ‘பெஸ்டிசைடு’, ‘ஜெனோசைடு’ முதலிய சொற்களின் இறுதியில் நிற்கும் ‘சைடு’ என்னும் ஈற்றையும், அதனைத் தமிழாக்குங்கால் நாம் கருத வேண்டுவனவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பக்கம் எனப் பொருள்படும் ‘சைடு’ வேறு, இது வேறு.

ஈற்றின் பிறப்பு

வெட்டுதல், வீழ்த்துதல், கொல்லுதல் எனப் பொருள்படும் ‘கைடெரே’ என்னும் இலத்தீன் வினையே இவ்வீற்றின் வேர். அவ்வேரினின்று இரண்டு ஈறுகள் கிளைத்தன. ‘கீடா’ என்பது கொல்பவனைக் குறித்தது. ‘கீடியம்’ என்பது கொல்லும் செயலைக் குறித்தது. இவ்விரண்டும் பிரெஞ்சு மொழியின் வழியே ஆங்கிலம் புகுந்தபோது வேறுபாடு மறைந்து, ‘சைடு’ என்னும் ஒரே வடிவம் பெற்றன. ஆகவே ஆங்கிலத்தில் இவ்வீறு சில இடங்களில் செயலையும், சில இடங்களில் செய்பவனையும் உணர்த்தும்.

இதற்கு வரலாறே சான்று. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் 1649 சனவரி 30இல் தலை துணிக்கப்பட்டார். அச்செயலும் ‘ரெஜிசைடு’ எனப்பட்டது. அவரது மரண ஆணையில் ஒப்பமிட்ட 59 பேரும் ‘ரெஜிசைடு’ என்றே பெயர் பெற்றனர். 1660இல் முடியாட்சி மீண்டபின் அப்பெயராலேயே அவர்களுள் உயிருடன் இருந்தோர் தேடப்பட்டனர்.

தமிழோ இவ்வேறுபாட்டை இன்றும் காத்து வருகின்றது. கொல் + ஐ = கொலை; இது தொழிற்பெயர். கொல் + இ = கொல்லி; இது செய்யும் கருத்தாவைக் குறிப்பது. ஆங்கிலம் ஒன்றாக்கியதைத் தமிழ் இரண்டாகவே வைத்துள்ளது. மொழிபெயர்ப்போன் முதலில் தேர வேண்டுவது, எதிர்ப்பட்ட சொல் கொலையா, கொல்லியா என்பதே.

கொலையைக் குறிப்பன

1. பேட்ரிசைடு – ‘பேட்டர்’, தந்தை – தந்தையைக் கொல்லுதல்.
2. மேட்ரிசைடு – ‘மேட்டர்’, தாய் – தாயைக் கொல்லுதல்.
3. ஃப்ராட்ரிசைடு – ‘ஃப்ராட்டர்’, உடன்பிறந்தான் – உடன்பிறந்தாரைக் கொல்லுதல்.
4. சூயிசைடு – ‘சூயி’, தன்னுடைய – தற்கொலை.
5. இன்ஃபான்டிசைடு – ‘இன்ஃபான்ஸ்’, குழந்தை – சிசுக்கொலை.

ஐந்தாவது சொல் நம் நெஞ்சைத் தொடுவது. ‘இன்ஃபான்ஸ்’ என்பதன் நேர்ப்பொருள் ‘பேச இயலாதது’ என்பதாகும். தனக்காக ஒரு சொல்லும் உரைக்க மாட்டாத உயிரைக் கொல்வதே அக்கொடுமை. இக்கொடுமையைத் தடுக்கவே 1992இல் தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

கொல்லியைக் குறிப்பன

‘இன்செக்டிசைடு’ பூச்சிக்கொல்லி; ‘ஹெர்பிசைடு’ களைக்கொல்லி; ‘ஃபங்கிசைடு’ பூஞ்சைக்கொல்லி; ‘ரோடன்டிசைடு’ எலிக்கொல்லி. இங்கெல்லாம் தமிழ்ச் சொற்கள் மூலத்தோடு இயைந்து நிற்கின்றன. எனினும், உழவர் வழக்கில் பயில்வது ‘பூச்சி மருந்து’ என்பதே. மருந்து நோய் தீர்ப்பது, இதுவோ நஞ்சு. கையுறையும் முகக்கவசமும் இன்றித் தெளிப்பானைத் தோளில் சுமப்பவரை ‘மருந்து’ என்னும் சொல் எச்சரிப்பதில்லை. ‘கொல்லி’ என்னும் சொல் எச்சரிக்கும். சொல்லாட்சியில் நேரும் நெகிழ்ச்சி உயிருக்கே ஊறு செய்யக்கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

களைக்கொல்லியினின்று மற்றொரு சொல்லும் பிறந்தது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் காடுகளின் மீது களைக்கொல்லிகளைப் பெருமளவில் தூவினர். அதனை எதிர்த்த தாவரவியல் அறிஞர் ஆர்தர் கால்ஸ்டன், 1970இல் அவ்வழிவை ‘ஈக்கோசைடு’ எனச் சுட்டினார். சூழல் அழிப்பு என்பது அதன் பொருள்.

மயங்கற்க

ஓசை ஒத்தன எல்லாம் உறவுடையன அல்ல. ‘கோயின்சைடு’ என்பதற்குக் கொலையோடு தொடர்பில்லை. அது ‘விழுதல்’ எனப் பொருள்படும் வேறொரு வினையின் வழி வந்தது. ‘டிசைடு’ என்பதோ நம் ஈற்றுக்கு உறவே. ஆயினும் அங்கு வெட்டப்படுவது உயிரன்று, ஐயம். அறுதியிட்டு முடிவு செய்தல் என்னும் தமிழ் வழக்கிலும் ‘அறு’ என்பது அமைந்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

‘ஹோமிசைடு’ என்பதை வாளா ‘கொலை’ எனப் பெயர்த்தலும் பிழையாகலாம். மனித உயிர் மனிதரால் போக்கப்படுதல் என்பதே அதன் பொருள். தற்காப்பில் நேர்வதும் அதனுள் அடங்கும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் மரணம் விளைவிக்கும் குற்றத்தை 299ஆம் பிரிவிலும், கொலைக் குற்றத்தை 300ஆம் பிரிவிலும் தனித்தனியே வரையறுத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 100, 101ஆம் பிரிவுகளில் அவ்வேறுபாட்டைப் போற்றுகின்றது. ஒருவரைக் கொலைஞர் என்று உரைக்குமுன் சட்டம் காட்டும் இந்நிதானம் எழுதுவோர்க்கும் வேண்டும்.

பெயரில்லாக் கொடுமைக்கு ஒரு பெயர்

போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின், நாஜிகளின் கொடுமையில் தம் குடும்பத்தாருள் பலரை இழந்தவர். ஓர் இனத்தையே அழிக்க முயலும் குற்றத்தைச் சுட்டத் தனிச்சொல் இல்லாமை கண்டு, இனம் எனப் பொருள்படும் ‘கெனோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லோடு இலத்தீன் ஈற்றை இணைத்து, ‘ஜெனோசைடு’ என்னும் சொல்லை ஆக்கி, 1944இல் வெளிவந்த தம் நூலில் வழங்கினார். 1945இல் நூரம்பர்க் வழக்கின் குற்றப்பத்திரிகையில் அச்சொல் ஏறியது. 1946இல் வந்த தீர்ப்பில் அது இடம்பெறவில்லை. லெம்கின் சோர்ந்தாரல்லர். 1948 டிசம்பர் 9இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இக்குற்றத்திற்கெதிரான உடன்படிக்கையை ஏற்றது.

அவ்வுடன்படிக்கை, ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்குடன் அதன் மக்களைக் கொல்வதை மட்டும் கூறி நிற்கவில்லை. அந்நோக்குடன் பிறப்பைத் தடுப்பதையும், குழந்தைகளை வலிந்து பிற குழுவினரிடம் சேர்ப்பதையும் அக்குற்றத்துள் அடக்குகின்றது. ஆதலின் ‘இனப்படுகொலை’ என்பதினும் ‘இனவழிப்பு’ என்பதே அச்சட்டப் பொருளுக்கு நெருங்கியதாகும். ஈறு ‘கொலை’ என்றே உரைப்பினும், சொல்லின் பொருள் அதனைக் கடந்து விரிந்துள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஈறு பொருளுக்கு வாயிலேயன்றி வீடு முழுவதும் ஆகாது என்பது பெறப்படும். வாயிலைத் திறந்து உட்புகுவது மாணவர் கடமை. உள்ளே எது செயல், எவர் செய்தவர், எவ்வளவு குற்றம் என்று பிரித்தறிவது கற்றோர் கடமை. நஞ்சை நஞ்சென்றும் குற்றத்தைக் குற்றமென்றும் அளவறிந்து பெயரிடுதல் அறத்தின் பாற்பட்ட செயலாகும். லெம்கின் ஒரு சொல்லை ஆக்கியதும் அதன்பொருட்டே. அத்தகு பொறுப்புடன் சொற்களைக் கையாள நாமும் பழகுவோமாக.