காகித வேலைக்கு ஏற்ற பசை

மாதேஸ்வரன் மலை 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு வாழும் சோலிகர், காட்டில் களையாக மண்டிய உண்ணிச்செடியின் தண்டுகளை வேகவைத்துப் பட்டையுரித்து வளைத்து, நாற்காலி முதலியன செய்கின்றனர். பாரம் தாங்கும் அத்தகைய பொருள்களுக்கு ஆணியும் உறுதியான மரப்பசையும் வேண்டும். அதே செடியின் பூங்கொத்தை உலர்த்திக் காகிதத்தில் ஒட்டும் மாணவனுக்கோ அம்மரப்பசை இடையூறாகும். ஆகவே, பசையைத் தேர்வதில் வலிமை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒட்டியதை என்றேனும் பிரிக்க நேருமா, பொருள் எத்தனை ஆண்டு நிலைக்க வேண்டும், அதனைக் கையாள்பவர் யார் என்பனவற்றையும் எண்ண வேண்டும்.

காகிதம் நாரிழைகளின் பின்னல். நீர் பட்டால் ஒவ்வோர் இழையும் நீளத்தில் சிறிதும் பருமனில் மிகுதியும் விரிகிறது, உலரும்போது சுருங்குகிறது. நீர் மிகுந்த பசை பூசிய அட்டை வளைவதற்குக் காரணம் இதுவே. காகிதத்தைக் கிழித்துப் பார்த்தால் ஒரு திசையில் நேராகவும் மற்றொரு திசையில் கோணலாகவும் கிழியும். நேராகக் கிழியும் திசையே இழையோட்டம். ஒட்டப்படும் இரண்டிலும் இழையோட்டம் ஒரே திசையில் அமைய வேண்டும். அட்டையின் பின்புறத்திலும் ஒரு தாள் ஒட்டிப் பாரத்தின் கீழ் உலர்த்தினால் வளைவு பெரும்பாலும் நீங்கும்.

பள்ளிக்கு மைதாப் பசையே சிறந்தது. ஒரு பங்கு மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, மொத்த நீர் ஐந்து பங்காகுமாறு கொதிநீர் சேர்த்து, கிளறிக்கொண்டே காய்ச்சுக. ஏறத்தாழ 60 சென்டிகிரேடு பாகையில் மாவுமணிகள் உப்பத் தொடங்கிக் கலவை தடிக்கும். பின்னர்ப் பளபளப்பு ஏறும். புத்தகம் கட்டுவோர் பூசணமும் பூச்சியும் அணுகாதிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. விரலை வாயில் வைக்கும் சிறுவர் கையாளும் பசையில் அதனை ஒருபோதும் சேர்த்தல் ஆகாது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே காய்ச்சிக்கொள்ளலாம்.

புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை, துணியைப் பலகையில் ஒட்டுவதற்கு மிக ஏற்றது. தஞ்சாவூர் ஓவியர் நெடுங்காலமாக இதனைக் கையாண்டு வருகின்றனர். ஆனால் இதன் பழுப்பு நிறம் மெல்லிய வெள்ளைத்தாளில் தோன்றக்கூடும். கருவேலம் பிசின் குளிர்ந்த நீரிலேயே கரையும். உலர்ந்தபின் நனைத்தால் மீண்டும் ஒட்டுமாதலின் உறைகளுக்கும் பெயர்ச்சீட்டுகளுக்கும் உகந்தது. மடிப்புகளில் மட்டும் நொறுங்கிவிடும். வெக்காலிப் பிசின் முற்றும் கரைவதில்லை. துணியில் வடிகட்டியே பயன்படுத்த வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் வெண்பசை, பாலிவினைல் அசிடேட் என்னும் பொருளின் நுண்துளிகள் நீரில் மிதக்கும் குழம்பாகும். நீர் வெளியேறியதும் துளிகள் ஒன்றிப் படலமாகும். அப்படலம் மீண்டும் நீரில் கரையாது. அட்டைப் பெட்டியின் மூலைகளுக்கு இஃது நன்று.

செடித்தாள்களுக்கு இதனை முழுதும் பூசக் கூடாது. இலையின் அடிப்புறத்தைப் பின்னர் ஆராய விரும்புவோர் இலையைக் கிழிக்காமல் பெயர்க்க இயலாது. ஒட்டுநாடாவும் தகாது, சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கறை படியும். 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் அனுமதியின்றிச் செடி பறித்தல் கூடாதாகையால், முறையாகப் பெற்ற ஒரு மாதிரியை வீணாக்குதல் பெரிய இழப்பு. தண்டின் குறுக்கே குறுகிய காகிதப் பட்டைகளை வைத்து, அவற்றின் முனைகளை மட்டும் ஒட்டுக. தடித்த தண்டை நூலால் தைத்துவிடலாம். மாவுப்பசையை இராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும். மெதில் செல்லுலோஸ் கிடைக்குமாயின் அதுவே மேல். அதன் பிடிப்பு மென்மையானதெனினும் பட்டைகளுக்குப் போதும். அத்தூள் குளிர்நீரில் கரையும், சுடுநீரில் கரையாது. நேரே குளிர்நீரில் இட்டால் கட்டி தட்டுமாகையால், முதலில் சிறிது சுடுநீரில் பரப்பிக் கலக்கி, அதன் பின்னரே குளிர்நீர் ஊற்ற வேண்டும்.