ஓட்டமும் பளுவும் ஒன்றா?

கேள்வி: ஓடுவது, பளு தூக்குவது இரண்டும் தசையில் ஒரே மாற்றத்தைத்தான் உண்டாக்குமா?

பதில்: இல்லை. 1967-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலோசி, எலிகளை டிரெட்மில்லில் வாரக்கணக்கில் ஓடவிட்டார். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் வேகம் எலிகளின் கால் தசையில் ஏறக்குறைய இரு மடங்கானது. எலிகள் களைக்காமல் நெடுநேரம் ஓடின.

பளுவின் விளைவு வேறு. 1993-இல் அன்டோனியோ, கோன்யே என்ற இரு ஆய்வாளர்கள் காடையின் ஒரு சிறகில் மட்டும் எடையைக் கட்டி, நடுநடுவே ஓய்வு கொடுத்து, சுமையைப் படிப்படியாகக் கூட்டினார்கள். சில வாரங்களில் அந்தப் பக்கத் தசை மறுபக்கத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனத்தது. முதலில் இழைகள் தடித்தன. பிறகு அவற்றின் எண்ணிக்கையும் கூடியது.

ஓட்டம் தாக்குப்பிடிக்கும் திறனைத் தரும். பளு, தசையைப் பெருக்கும். நமக்கும் இரண்டும் வேண்டும். நடைப்பயிற்சியோடு நிறுத்திவிடாதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.