மாறாதவர் என்றால் எது மாறாது?

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, டயாலிசிஸில்தான் நாட்கள் ஓடுகின்றன. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர், "இயேசு மாறாதவர். அன்று குணமாக்கியவர் இன்றும் குணமாக்கியே தீரவேண்டும். குணமாகவில்லை என்றால் இந்த வீட்டில் யாருக்கோ விசுவாசம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து என் கணவர் வேதத்தைத் தொடுவதில்லை. டயாலிசிஸுக்குப் போவதே அவிசுவாசமோ என்று தயங்குகிறார். கல்லூரியில் படிக்கும் மகளோ, "குழந்தையாகப் பிறந்து வளர்ந்தவரை மாறாதவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்கிறாள். இருவருக்கும் நான் என்ன சொல்வது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணவரின் காரியத்தைப் பார்ப்போம். மகளின் கேள்வி நல்ல கேள்வி, ஆனால் கொஞ்சம் பொறுக்கும்.

அந்த ஊழியக்காரர் மனதில் வைத்துப் பேசியது எபிரெயர் 13:8. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி அச்சாகும் வசனம். அட்டைக்காக அதைத் தனியே வெட்டி எடுக்கும்போது முன்னும் பின்னும் உள்ள வசனங்கள் உதிர்ந்துவிடுகின்றன. ஏழாம் வசனம், தேவவசனத்தைப் போதித்து நடத்தியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் வாழ்க்கை எப்படி முடிந்தது என்று பாருங்கள் என்கிறது. அவர்கள் இறந்துபோனவர்கள் என்றுதான் உரையாசிரியர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்பதாம் வசனம் அந்நிய போதனைகளால் அலைக்கழிக்கப்பட வேண்டாம் என்கிறது. போய்விட்ட மேய்ப்பர்களுக்கும் புதிதாக வந்து குழப்பும் போதகர்களுக்கும் நடுவில்தான் இயேசு மாறாதவர் என்ற வார்த்தை நிற்கிறது. அன்பான தலைவர்களைப் பறிகொடுத்த சபைக்கு ஆறுதலாக எழுதப்பட்ட ஒரு வசனத்தை, விசுவாசம் இருந்தால் யாரையும் பறிகொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது எனக்கு வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கிறது.

இரண்டு அதிகாரம் முன்னே போங்கள். 11-ஆம் அதிகாரத்தின் விசுவாச வீரர் பட்டியலில் 34-ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்துக்குத் தப்புகிறார்கள்; 37-ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்தாலேயே வெட்டுண்டு சாகிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்று 39-ஆம் வசனம் சேர்த்தே சொல்கிறது. செத்தவர்களின் விசுவாசம் மட்டு என்று ஒரு சொல் இல்லை. அப்போஸ்தலர் 12-ஐயும் பாருங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அதே அதிகாரத்தில் தேவதூதன் பேதுருவைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தான். இருவரும் இயேசுவோடு மறுரூப மலைக்கு ஏறியவர்கள். ஒருவருக்கு ஒரு இயேசு, இன்னொருவருக்கு வேறொரு இயேசு என்றா சொல்வோம்?

இயேசு பூமியில் இருந்த நாட்களிலேயே விளைவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. பெதஸ்தா குளத்தருகே திரளான நோயாளிகள் கிடந்தார்கள். அன்று அவர் எழுப்பியதாக யோவான் சொல்வது ஒருவரைத்தான்.

விசுவாசக் குறைவு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மாற்கு 9-இல் மகனைக் கொண்டுவந்த தகப்பன் தன் அவிசுவாசத்தை வாய்விட்டே ஒத்துக்கொண்டான். பையன் குணமானான். நாயீன் ஊர் விதவை எதையும் கேட்கவே இல்லை. இயேசுவே பாடையைத் தொட்டு மகனை எழுப்பிக் கொடுத்தார். நாசரேத்தில் அவிசுவாசத்தால் அதிக அற்புதங்கள் நடக்கவில்லையே என்று யாராவது உங்களிடம் கேட்கலாம். அது அவரைத் தச்சன்தானே என்று தள்ளிவிட்ட ஊர். ஊசியும் குழாயுமாகப் படுத்துக்கொண்டு ஜெபிக்கிற மனிதருக்கு அதைப் பொருத்துவது அநியாயம்.

இதனால் அவர் குணமாக்கமாட்டார் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். கேளுங்கள், தினமும் கேளுங்கள். மாறாதது நமக்குக் கிடைக்கும் விளைவு அல்ல, கிடைக்கிறபோதும் கிடைக்காதபோதும் நம்மோடு இருக்கிறவரின் மனது. நம்முடைய பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கிற பிரதான ஆசாரியர் என்று எபிரெயர் 4:15-உம், நமக்காக வேண்டுதல் செய்ய எப்போதும் உயிரோடிருக்கிறார் என்று 7:25-உம் சொல்வது அவரைத்தான். 13:8-ஐ அதே நிருபத்தின் இந்த வசனங்களை வைத்துத்தானே படிக்க வேண்டும்?

இனி மகளுக்கு. அவள் கேட்டது ஆயிரத்து எழுநூறு ஆண்டுப் பழைய கேள்வி, சபையையே உலுக்கிய கேள்வி. குமாரன் படைக்கப்பட்டவர், ஆகவே மாறக்கூடியவர் என்று அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியஸ் போதித்தார். 325-இல் கூடிய நிசேயா சங்கம் அதை மறுத்தது. தேவகுமாரன் மாறக்கூடியவர் என்போரைக் கண்டிக்கும் ஒரு பகுதியையே தன் விசுவாசப்பிரமாணத்தின் முடிவில் சேர்த்தது. இன்று ஆராதனையில் நாம் சொல்லும் வடிவத்தில் அந்தக் கண்டனம் இல்லாததால் பலருக்கும் இது தெரியாது. பிறகு 451-இல் கல்கெதோன் சங்கம், தெய்வத்தன்மையும் மனிதத்தன்மையும் அந்த ஒரே நபரில் கலக்காமலும் மாறாமலும் பிரியாமலும் இருக்கின்றன என்று வரையறுத்தது. அதாவது அவர் தேவனாயிருப்பதை விட்டுவிட்டு மனிதராகவில்லை. இல்லாத ஒன்றைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். லூக்கா 2:52 சொல்லும் வளர்ச்சி நிஜமான வளர்ச்சிதான், நடிப்பல்ல. பசித்ததும், லாசருவின் கல்லறையருகே அழுததும் அப்படியே. சேர்த்துக்கொண்டதை அவர் திரும்பக் கழற்றிப் போடவும் இல்லை. உயிர்த்தெழுந்த பிறகும் தோமாவுக்குக் காட்ட ஆணித்தழும்புகள் இருந்தன. இது எப்படி முடியும் என்று அவள் மேலும் கேட்டால், அந்த இடத்தில் சங்கங்களும் விளக்கத்தை நிறுத்திக்கொண்டு எல்லையை மட்டும் வரைந்தன என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

டயாலிசிஸ் விஷயத்தில் மட்டும் தயக்கமே வேண்டாம். குறித்த நாளில் தவறாமல் கூட்டிக்கொண்டு போங்கள். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு விசுவாசக் குறைவைக் காரணம் சொல்லவில்லை. கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். தன்னோடு பயணித்த துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததையும் ஒளிக்காமல் எழுதினார். அந்த ஊழியக்காரர் மறுபடி வந்தால் வாசலிலேயே இந்த இரண்டு இடங்களையும் வாசிக்கச் சொல்லுங்கள்: 1 தீமோத்தேயு 5:23, 2 தீமோத்தேயு 4:20. அதற்குப் பிறகு அவர் ஜெபிக்க விரும்பினால் தாராளமாக ஜெபிக்கட்டும்.