வேலை செய்யாத கூப்பனுக்குக் கமிஷன் எதற்கு?

கூப்பன் இணையதளம் நடத்துகிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி: "தள்ளுபடியை நீ கொடுக்கல, பொருளை நீ விக்கல, அப்புறம் உனக்கு எதுக்குப்பா காசு?" நியாயமான கேள்விதான். இந்தத் தொழிலில் இருக்கிற பலர் இதைத் தங்களிடமே கேட்டுப் பார்ப்பதில்லை.

ஏற்பாடு எளிமையானது. என் பக்கத்தில் இருக்கிற லிங்க்கை அழுத்தி ஒருவர் கடைக்குள் போனால், அவருடைய பிரவுசரில் ஒரு சிறு அடையாளம் பதியும். அதற்குப் பெயர் குக்கீ. குறித்த காலத்துக்குள் அவர் வாங்கினால் எனக்குக் கமிஷன். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. அங்கே இந்தக் காலம் பொதுவாக 24 மணி நேரம். வேறு சில கடைகள் 30 நாள் வரை தருகின்றன. வாங்குகிறவர் நாலு தளங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தால், பெரும்பாலும் கடைசியாக அழுத்திய லிங்க் யாருடையதோ அவருக்கே முழுக் கமிஷனும் போகும். வம்பெல்லாம் இந்தக் 'கடைசி கிளிக்'கில்தான் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால், கூப்பன் தளத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர். கார்ட்டில் பொருள் ஏறிவிட்டது. பணம் கட்டும் இடத்தில் 'கூப்பன் கோட் இருக்கிறதா?' என்று ஒரு காலிக் கட்டம் கண்ணில் படுகிறது. உடனே இன்னொரு டேப் திறந்து கடையின் பெயரோடு 'கூப்பன்' என்று சேர்த்துத் தேடுகிறார், நம் பக்கம் வந்து விழுகிறது. காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்க வந்தவரைக் கடைக்குக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரர் கமிஷன் வாங்குவது ஒரு கணக்கு. புடவை எடுத்து முடித்து பில் போட நிற்பவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இவங்களை நான்தான் கூட்டி வந்தேன்" என்பது வேறு கணக்கு. கூப்பன் தளம் எந்த நேரமும் இந்த இரண்டாவது ஆளாக மாறிவிடக்கூடிய இடத்தில் நிற்கிறது. அப்படி மாறாமல் இருக்க எனக்குத் தெரிந்து ஒரே வழிதான்: நாம் கொடுத்த கோட் அவருடைய பில்லை உண்மையிலேயே குறைக்க வேண்டும். குறைக்காத இடத்தில் நமக்குக் காசு வரக் கூடாது.

ஆனால் சந்தையில் நடப்பது இதற்கு நேர்மாறு. கோட்டைப் பாதி மறைத்து, 'பார்க்க இங்கே அழுத்தவும்' என்று பட்டன் வைப்பார்கள். அழுத்தியதும் கடையின் பக்கம் ஒரு டேப்பில் திறக்கும், குக்கீ பதியும், பிறகுதான் கோட் தெரியும். அது போன தீபாவளிக்கே காலாவதியானதாக இருக்கும். சில பக்கங்களில் கோட்டே இருக்காது, 'சலுகை தானாகவே சேர்ந்துவிட்டது' என்று ஒரு வரி மட்டும் வரும். வந்தவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. தளத்துக்குக் கமிஷன் உண்டு. யாரோ ஒருவர் அரை மணி நேர வீடியோ போட்டு அந்தப் பொருளை விளக்கி அவரை வாங்க வைத்திருப்பார், அவருடைய பங்கும் இதோடு பறிபோகிறது.

என் பக்கத்தில் கோட் மறைப்பில்லாமல் இருக்கும். பக்கத்தில் 'காப்பி' பட்டன். அதை அழுத்தினால் காப்பி மட்டும்தான் ஆகும். 'கடைக்குப் போக' என்பது தனிப் பட்டன். இதில் நஷ்டம் இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. பலர் காப்பி செய்துகொண்டு தாங்களே கடைக்குப் போய்விடுவார்கள், எனக்கு ஒன்றும் வராது. இதை ஈடுகட்ட ஒரு வழி உண்டு: கடைகளிடம் பேசி நம் தளத்துக்கென்றே தனி கோட் வாங்குவது. அந்த கோட் பயன்பட்டாலே, லிங்க் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும், கமிஷன் நம் கணக்கில் ஏறும். பெரிய கடைகள் எளிதில் தராது. சொந்த பிராண்டாக நேரடியாக விற்கிற சின்னக் கடைகள் தரும். கேட்கும்போது, நம் வழியாக வந்தவர்களில் புதிய வாடிக்கையாளர் எத்தனை பேர் என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், பேச்சு சுருக்கமாக முடியும்.

கோட்டைச் சோதிப்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான வேலை. மற்றதெல்லாம் அலங்காரம். '20% தள்ளுபடி' என்று ஒரு கோட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்டில் ₹600-க்குப் பொருள் போட்டால் ₹120 குறைகிறது, சரி. ₹3,000-க்குப் போட்டால் குறைவது ₹150 மட்டுமே. அதிகபட்சம் ₹150 என்று விதிமுறைகளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதாவது ₹750-க்கு மேல் போனால் பலன் ஏறாது. ₹3,000 பில்லில் அது வெறும் 5%. ஆகவே என் தலைப்பு '20% தள்ளுபடி' ஆகாது; '₹150 வரை குறையும், ₹750-க்கு வாங்கும்போது முழுப் பலன்' என்று போடுவேன். கிளிக் குறையத்தான் செய்கிறது. ஆனால் வந்தவர் கடையில் போய் ஏமாந்து திரும்புவதில்லை.

கணக்குக்குக் கணக்கு மாறுகிற கோட்களும் உண்டு. புதியவருக்கு மட்டும், ஆப்பில் மட்டும், குறிப்பிட்ட வங்கி கார்டுக்கு மட்டும் என்று. ஆகவே பழைய கணக்கு ஒன்று, வாங்காத கணக்கு ஒன்று என இரண்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். 'இன்று சரிபார்த்தது' என்ற முத்திரையைத் தினமும் தானாகத் தேதி மாறும்படி வைத்திருக்கிற தளங்களைப் பார்த்திருக்கிறேன். நான் கடைசியாகக் கையால் போட்டுப் பார்த்த தேதி எதுவோ அதுதான் என் பக்கத்தில் நிற்கும், அது பத்து நாள் பழையதாக இருந்தாலும். கோட் வேலை செய்யவில்லை என்று சொல்ல ஒரு பட்டன் வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வாசகர், "அண்ணா, கோட் போட்டா 'இந்தப் பொருளுக்கு இல்லை'ங்குது, எந்தப் பொருளுக்குத்தான் இருக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்தெந்தப் பிரிவுக்குச் செல்லாது என்பதையும் கோட்டுக்குக் கீழேயே எழுதுகிறேன்.

எந்தக் கோட்டும் இல்லாத கடைக்கு 'இப்போது கூப்பன் இல்லை' என்று போடுவேன். இதற்காக ஒரு கடையின் மார்க்கெட்டிங் ஆள் போன் செய்தார்: "சார், இப்படிப் போட்டா யார் சார் கிளிக் பண்ணுவா?" யாரும் பண்ண மாட்டார்கள்தான். கார்டுச் சலுகை இருந்தால் அதை எழுதுவேன், பல சமயம் கூப்பனைவிட அதில்தான் அதிகம் மிச்சமாகும்.

கைக்கு வருகிற கோட்டையெல்லாம் போடவும் கூடாது. ஊழியர்களுக்கு, மாணவர்களுக்கு என்று தந்தவை, டெலிவரி தாமதத்துக்கு மன்னிப்பாக ஒருவருக்கு மட்டும் அனுப்பியவை, ஒரு யூடியூபரின் பெயரில் இருப்பவை எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். யூடியூபரின் கோட்டைப் போட்டால், அவர் அழைத்து வராத ஆளுக்காகக் கடை அவருக்குப் பணம் தர நேரும். நம் லிங்க் குறுக்கே விழுந்தால் அவருக்கு வரவேண்டியது நமக்கு வரும். எப்படிப் பார்த்தாலும் யாரோ ஒருவர் காசு தவறான இடத்துக்குப் போகிறது. கடையின் பெயரை வைத்தே கூகுளில் விளம்பரம் எடுப்பதும் இதே ரகம்தான், பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்குத் தடை உண்டு.

உலகளவில் இந்தச் சண்டை சூடானது 2024 டிசம்பரில். பேபால் நிறுவனத்தின் 'ஹனி' என்ற, பிரவுசரில் சேர்த்துக்கொள்கிற கூப்பன் எக்ஸ்டென்ஷன், வேலை செய்கிற கோட் கிடைக்காதபோதும் மற்றவர்களின் குக்கீயை அகற்றித் தன்னுடையதைப் பதிக்கிறது என்று ஒரு யூடியூபர் குற்றம்சாட்டினார். கடைசி கிளிக் என்பது தொழில் நடைமுறை என்று பேபால் பதில் சொன்னது. 2025 மார்ச்சில் கூகுள் குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளைத் திருத்தி, பயனருக்குத் தள்ளுபடி போன்ற நேரடிப் பலன் தராமல் அஃபிலியேட் லிங்க், அதாவது கமிஷன் தரும் லிங்க், சேர்க்கக் கூடாது என்றது. அதற்கும் முன்பே, பார்க்கிறவர் எதையும் அழுத்தாமலே குக்கீ திணித்து இபேயிடம் கமிஷன் வாங்கியவர்கள் அமெரிக்காவில் 2014-ல் சிறைக்கே போயிருக்கிறார்கள்.

நம் ஊரிலும் விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்தது. பொய்யான அவசரம் காட்டுவது, விளம்பரத்தை வேறு வேடத்தில் காட்டுவது இரண்டும் அதில் உண்டு. பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பத்து நிமிடத்திலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குகிற கடிகாரம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கமிஷன் விஷயத்தைப் பக்கத்தின் அடியில் ஒளிக்காமல் முதல் கோட்டுக்கு மேலேயே எழுதுங்கள். என் வாசகம் இது: 'எங்கள் லிங்க் அல்லது தனி கோட் வழியாக வாங்கினால் கடை எங்களுக்குக் கமிஷன் தரும். உங்கள் பில் அதனால் அதிகமாகாது.'

வருமானக் கணக்கில் புதியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ₹1,970 ஹெட்போனுக்கு ₹200 கோட் போட்டால் பில் ₹1,770. அதில் 18% ஜிஎஸ்டியைக் கழித்தால் ₹1,500. கமிஷன் 5% என்றால் ₹75. டாஷ்போர்டில் அது முதலில் 'நிலுவை' என்றுதான் நிற்கும்; ரிட்டர்ன் காலம் முடிந்து கடை உறுதி செய்த பிறகே நம்முடையது. துணிக்கடைகளில் ரிட்டர்ன் அதிகம், ஆகவே நிலுவையை வைத்து ஈஎம்ஐ எதையும் திட்டமிடாதீர்கள். கமிஷனுக்கான டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்கும் நமக்கும் நடுவில் நின்று கமிஷனை வாங்கித் தருகிற நெட்வொர்க்குகளில் சின்னவை பிடித்துவிட்டுக் கட்டத் தாமதிப்பது நடக்கிறது. தாமதித்தால் மெயில் போடுங்கள், டாஷ்போர்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து.