குழாய்க்குள் யார் பின்வாங்குவது?

30 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் விட்டம். சுண்டெலி ஒன்று நுழைந்து போகலாம். உள்ளே திரும்ப முடியாது. அப்படி ஒரு குழாயின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு எலிகளை விட்டால் நடுவில் முட்டிக்கொள்ளும். ஏதாவது ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். கூண்டுக்குள் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை 1960களிலிருந்து ஆய்வாளர்கள் இப்படியும் அளந்துவருகிறார்கள். இந்தச் சின்ன மோதலிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முடிவுகளில் பல தவறானவை. ஆண் என்றாலே அதிகாரம் என்று பேசுகிறவர்களும் எலியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதால், அது உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது.

நம்பிக்கை: உடல்வலு உள்ளதே ஜெயிக்கும்.

எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் அது கைகொடுக்கும்தான். ஆனால் ஏறக்குறைய ஒரே எடையுள்ள நான்கு எலிகளை ஒரே கூண்டில் வளர்த்தாலும் முதல், இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசை அமைந்துவிடுகிறது. 2011இல் ஷாங்காயில் ஆய்வாளர் ஹாய்லான் ஹூவின் குழு, எலியின் முன்மூளையில் நரம்பணுக்களின் இணைப்பு வலுவைக் கூட்டிப் பார்த்தது. எலி வரிசையில் மேலே ஏறியது. குறைத்ததும் கீழே இறங்கியது. 2017இல் ஷெஜியாங் பல்கலைக்கழகத்தில் ஹூவின் குழுவினர் அதே நரம்பணுப் பகுதியை ஒளியால் தூண்டினார்கள். எப்போதும் தோற்றுவந்த எலி, அந்தக் கணமே எதிராளியைத் தள்ளத் தொடங்கியது. தசை வலு கூடவில்லை, மூர்க்கமும் கூடவில்லை. விடாமல் தள்ளியது, தள்ளப்பட்டபோது கால் ஊன்றி நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒளியின் தயவில் ஐந்து முறைக்கும் குறைவாக வென்றவை மறுநாள் பழைய இடத்துக்கே போயின. ஆறு முறையோ அதற்கு மேலோ வென்றவை, ஒளி இல்லாமலேயே புதிய இடத்தைத் தக்கவைத்துக்கொண்டன. பனிபோல் குளிர்ந்த தரையில், ஒரே ஓர் எலி மட்டும் குந்தக்கூடிய வெதுவெதுப்பான மூலைக்கு நடந்த போட்டியிலும் அவையே முந்தின. மூளையின் தாலமஸ் பகுதியிலிருந்து முன்மூளைக்கு வரும் நரம்புப் பாதை அந்த வெற்றிகளால் வலுப்பட்டிருந்தது.

நம்பிக்கை: ஆதிக்கம் பிறவிக் குணம்.

ஓர் இன எலிகளுக்கும் வேறோர் இன எலிகளுக்கும் இடையே மரபு வித்தியாசம் காட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் கறுப்பு எலிகள் பல தலைமுறையாக உடன்பிறப்புகளுக்குள்ளேயே இனம் பெருக்கப்பட்டவை. மரபணுவில் கிட்டத்தட்ட ஒரே அச்சு. அவற்றுக்குள்ளும் வரிசை வருகிறது என்றால் காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும். வெல்லவைத்தும் தோற்கவைத்தும் பழக்கினால் எலியின் நிலை மாறும் என்று 1942லேயே ஆய்வாளர்கள் கின்ஸ்பர்க்கும் அலீயும் காட்டிவிட்டார்கள்.

நம்பிக்கை: எல்லாம் டெஸ்டோஸ்டிரோன் செய்யும் வேலை.

ஆய்வாளர் ஜேம்ஸ் கர்லியின் குழு பன்னிரண்டு பன்னிரண்டு ஆண் எலிகளாகச் சேர்த்து வைத்துப் பார்த்தது. முதல் எலி கடும் கொடுங்கோன்மை செய்த கூட்டங்களில் மட்டுமே அதன் ரத்தத்தில் அந்த ஹார்மோன் அதிகம். மற்றக் கூட்டங்களில் மேலுக்கும் கீழுக்கும் வேறுபாடு இல்லை. பெண் எலிகளுக்குள்ளும் இப்படி வரிசை உண்டு.

நம்பிக்கை: அடங்கிப்போவது கோழைத்தனம்.

அடங்கும் எலி தன் நிலையைத் தெரிந்து நடந்துகொள்கிறது. மேலே உள்ள ஆண் கூண்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டு அடையாளம் வைக்கும். அடங்கியது மூலைகளோடு நிறுத்திக்கொள்ளும். 1973இல் புற ஊதா ஒளியில் இது பளிச்சென்று தெரிந்தது. ஆனால் முதல் எலியை எடுத்துவிட்டுப் பாருங்கள்: இரண்டாவது எலி சில நிமிடங்களிலேயே அந்த இடத்தைப் பிடிக்க இறங்கிவிடுகிறது.

நம்பிக்கை: மேலே இருப்பதற்கு என்ன கவலை?

தொடர்ந்து வேறொரு மூர்க்க எலியிடம் அடிபட வைத்தபோது, அதிகம் நொறுங்கியது ஆதிக்க எலிதான் என்று 2017இல் லோசான் நகரில் நடந்த ஆய்வு கண்டது. 2023இல் ஹூவின் குழு அடிதடியே இல்லாமல் இதைச் சோதித்தது. குழாயில் தனக்குக் கீழுள்ள எலியிடம் முதல் எலியை வலுக்கட்டாயமாகத் திரும்பத் திரும்பத் தோற்கவைத்தார்கள். அது மனச்சோர்வு அடைந்ததுபோல் நடக்கத் தொடங்கியது. வழக்கமான தோல்வி மூளையை இப்படித் தாக்கவில்லை. எதிர்பாராமல் வந்த தோல்விதான் தாக்கியது. பழைய இடம் திரும்பக் கிடைத்தபோது எலி தேறிவிட்டது.